மிதிபலகையில் ஏற்றிய கற்பூரம்

எழுபதுகளின் பிற்பகுதியில் என்னை ஒரு குளிர் நாட்டுக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் நான் செய்த முதல் தேசசேவை, அந்த நாட்டைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகையில் பயணக் கட்டுரை எழுதியது. பனி வெள்ளையாக இருந்தது என்றும், உருளைக்கிழங்கை உப்பில்லாமல் தின்கிறார்கள் என்றும், ரயில் சொன்ன நேரத்துக்கு வந்து மானத்தை வாங்கியது என்றும் எழுதினேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அதே ஆண்டு நாமக்கல் பக்கம் ஆறு நாள் போய்வந்தேன். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. எழுதாமல் விட்டதன் காரணத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

சென்னையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தாம்பரம் தாண்டினால் வெளிநாடு. ஆகவே இதையும் வெளிநாட்டுப் பயணமாகவே வைத்துக்கொள்ளலாம். முதல் பயணத்தில் பாஸ்போர்ட் இருந்தது, இதில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

நான் வேலை பார்த்தது, கிராமத்துக்கு வேண்டிய இயந்திரங்களைச் சென்னையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கும் ஒரு நிலையத்தில். மின்விசிறிக்கு அடியிலிருந்து பார்த்தால் கிராமம் மிகத் தெளிவாகத் தெரியும். அப்படிப் பார்த்துச் செய்ததுதான் மரவள்ளிக் கிழங்கு நறுக்கும் இயந்திரம். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் பெண்கள் கத்தியால் நறுக்குவதை இது செய்யும். சுழலும் இரும்புத் தட்டு, அதில் நான்கு கத்திகள், மேலே கிழங்கு போட ஒரு வாய். கிழங்கு போகிற வாய்க்குள் கையும் போகும். அதற்காகத்தான் எங்கள் பெருமைக்குரிய மிதிபலகை. இயந்திரத்தின் அடியில், முன்புறம் நட்டநடுவே, ஒரு சாண் அகலம். ஆபத்து என்று தெரியப் பளிச்சென்ற சிவப்பு. மிதித்தால் பெல்ட் நழுவும், தட்டு இரண்டு நொடியில் நின்றுவிடும். கைகள் இரண்டும் கிழங்கில் இருக்கும், ஆகவே கால் சும்மா இருக்கும், ஆகவே காலால் நிறுத்தட்டும். இந்த ‘ஆகவே’க்களில் ஒரு பிழையும் கிடையாது, சென்னையில் இருக்கும்வரை.

அந்தப் பலகை வேலைக்கு ஆகிறதா என்று அளந்து வருவது என் பொறுப்பு. அளப்பதைத்தான் குளிர் நாட்டில் கற்றிருந்தேன். ஒரு கருவி நல்லதா என்று அதைச் செய்தவனைக் கேட்காதே. அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் ஒரு வேலையைக் கொடு. முடிக்கிறாரா என்று பார். வாயை மூடிக்கொண்டு பார். நான் எல்லாவற்றையும் நன்றாகக் கற்றுக்கொண்டேன், கடைசிப் பாடத்தைத் தவிர. படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: ‘தானே முடித்தார்’, ‘உதவியுடன் முடித்தார்’, ‘முடிக்கவில்லை’. ஓரத்தில் ‘கருத்து’ என்று ஒரு சின்னக் கட்டம். அதன் அளவைப் பார்த்தாலே தெரியும், யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று.

சேலத்தில் விடியற்காலை இறங்கி, ராசிபுரம் வழியாக நாமகிரிப்பேட்டை போகும் பஸ்ஸில் ஏறினேன். மஞ்சள் தோட்டங்களுக்கு நடுவே டயர் வெடித்தது. மாற்று டயரை எடுத்தார்கள். அது ஏற்கெனவே வெடித்திருந்தது. கண்டக்டர் அமைதியாக, “சித்த இருங்க, இப்பப் போயிரலாமுங்க” என்றார். சென்னைத் தமிழில் இதன் பொருள் ஒன்றரை மணி நேரம்.

பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு கோழிகளை அக்குளில் இடுக்கியிருந்தார். என் மடியிலிருந்த தோல் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தவர் கேட்டார்.

“ஏனுங்க, பொட்டிக்குள்ள என்னுங்க?”

“நொடியை அளக்கிற கடிகாரம்.”

“நொடிய அளந்து என்னுங்க பண்ணுவீங்க?”

“ஒருத்தர் ஒரு வேலையை எவ்வளவு சீக்கிரம் செய்யறார்னு பார்ப்போம்.”

அவர் வெடித்த டயரையும் அதைச் சுற்றி நின்ற ஏழு பேரையும் பார்த்தார். “அப்ப இங்கியே ஆரம்பிச்சரலாமுங்களே” என்றார்.

கடைசியில் ஆலைக்குப் போகிற கிழங்கு லாரி ஒன்று எங்களில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டது. கிழங்குக் குவியல் மேல் உட்கார்ந்து நான் ஊருக்குள் நுழைந்தேன். அறிவியல் வந்து இறங்கும்போது சட்டையெல்லாம் செம்மண்.

ஆலை, நாமகிரிப்பேட்டைக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே, கொல்லிமலை கண்ணுக்கு நேரே நிற்கும் ஒரு சமவெளியில் இருந்தது. முதலாளி செல்லமுத்து வாசலுக்கே வந்து, “வாங்க, வாங்க. சோறுண்டாச்சுங்களா?” என்றார். ஆயிற்று என்றேன். அந்தப் பதிலை அவர் பொருட்படுத்தவில்லை. அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்த சோறு, மேலே நெய், பிறகு கத்தியால் வெட்டி எடுக்கவேண்டிய எருமைத் தயிர். இலையை மறைத்து நான் நீட்டிய கையின் மேலேயே இரண்டாம் கரண்டி விழுந்தது.

அன்றே ஒன்றைக் கவனித்தேன். அங்கே எதைக் கேட்டாலும் “நல்லா இருக்குதுங்க” என்றார்கள். இயந்திரம் எப்படி? நல்லா இருக்குதுங்க. அதை இன்னும் பெட்டியைவிட்டே எடுக்கவில்லை. குளிர் நாட்டில் காப்பி நன்றாக இல்லையென்றால் போட்டவர் முகத்துக்கு நேரே சொல்வார்கள், அவரும் நன்றி சொல்வார். இங்கே விருந்தாளி கொண்டுவந்த பொருளைக் குறை சொன்னால் விருந்தாளியையே குறை சொன்ன மாதிரி. இந்த ஊரில் கருத்துக் கேட்டு ஒரு பயனும் இல்லை என்பது முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. சௌகரியமாகவும் இருந்தது.

மறுநாள் காலை இயந்திரத்துக்குப் பூஜை. பெண்கள் குளித்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கத் தோதான இடம் தேடினார்கள். மேலே வாய், பக்கத்தில் பெல்ட், பின்னால் மோட்டார். நட்டநடுவே, அகலமாக, தட்டையாக, சாமியின் நிறத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது. மிதிபலகையில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். இரண்டு முழம் கதம்பம் சார்த்தினார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

செல்லமுத்து சூடத்தை என் கையில் கொடுத்தார். “உங்க கையால ஏத்துங்க. நீங்க கொண்டாந்த சாமான்.”

நான் அதைப் பலகையின் மேல் வைத்து ஏற்றினேன். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் அபாரம். அன்று மனைவிக்கு எழுதிய கடிதத்தில், ‘இங்கே நம் பிரேக்கைக் கும்பிடுகிறார்கள்’ என்று எழுதி ஓர் ஆச்சரியக்குறியும் போட்டேன். கண்ணால் பார்த்தேன், கையால் ஏற்றினேன், எழுத்தில் எழுதவும் செய்தேன். புரிந்துகொள்வது மட்டும் என் பொறுப்பில் இல்லை.

பூஜை முடிந்ததும் சோதனை. முதலில் வந்தவள் பாவாயி. முப்பது வயதிருக்கும். ஆலையில் அவளைவிட வேகமாகக் கிழங்குத் தோல் சீவ ஆளில்லை. கத்தியைப் பார்க்கவே மாட்டாள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அந்த இரண்டு கைகளை வைத்து இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். உன் கைகளைக் காப்பாற்றத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். “நல்லா இருங்க சாமி” என்றாள்.

அவள் கிழங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது நான் “நிறுத்து!” என்று கத்தவேண்டும். அவள் பலகையை மிதிக்கவேண்டும். கத்தினேன். பாவாயி கிழங்கைப் போட்டுவிட்டுக் குனிந்தாள். பலகையை விரல்நுனியால் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மன்னிப்புக் கேட்பதுபோலப் பெருவிரலை மட்டும் அதன் ஓரத்தில் வைத்து அழுத்தினாள்; அது இறங்காமல் போகவே, முழுப் பாதத்தையும் வைத்து மிதித்தாள். ஏழு நொடி.

“எதுக்கும்மா கும்பிடறே? நேரா மிதி.”

“எப்பிடீங்க மிதிக்கறது? இத்தனை பூவு வெச்சிருக்குது. நீங்கதானுங்க சூடம் ஏத்துனீங்க.”

“தையல் மிஷினை மிதிக்கிறதில்லையா?”

“அது மிதிச்சாத்தானுங்க ஓடும். அதும்மேல ஆருங்க சூடம் ஏத்துறாங்க?”

வரிசையில் அடுத்து நின்ற நல்லம்மா, பாவாயியின் பக்கத்து வீட்டுக்காரி, சிரிக்காமல் சொன்னாள். “அட, மெட்ராசு சாமி கத்துனாத்தான புள்ள நிறுத்தோணும்? அவரு ஊருக்குப் போயிட்டா ஆரு கத்துவாங்க? கையி மாட்டுனா கத்துறது நாமளாத்தான் இருக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மூன்று மாதப் பயிற்சியில் யாரும் இவ்வளவு சுருக்கமாக என் சோதனையின் கோளாறைச் சொன்னதில்லை.

பாவாயி சிரிக்கவில்லை. வாயையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஒரு கயிறு கட்டி உடுங்க சாமி” என்றாள். “தலைக்கு மேல தொங்கட்டும். இழுத்தா நிக்கோணும். ஒரு கையி மாட்டுனாலும் இன்னொரு கையி இருக்குமுங்களே.”

விருந்தாளியின் பொருளைக் குறை சொல்லாத ஊரில் ஒரு பெண் சொல்லிவிட்டாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், படங்கள் வரைந்து அச்சாகிவிட்டன, அடுத்த மாதம் அறிக்கை கொடுக்கவேண்டும், நிலைய இயக்குநருக்கு அந்தப் பலகை பெற்ற பிள்ளை மாதிரி. ‘கருத்து’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

ஏழு நொடிக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரும் முதலிலேயே தொட்டுக் கும்பிட்டுவிடுங்கள் என்றேன். பூவை ஓரமாகத் தள்ளச் சொன்னேன். காலைப் பலகை மேல் தயாராக வைத்துக்கொண்டு நில்லுங்கள் என்றேன். “இப்பக் கத்தப் போறேன்” என்று முன்கூட்டியே தகவல் கொடுத்தேன். பிறகு கத்தினேன். இரண்டு நொடி. பாவாயிக்கும் மறுபடி ஒரு தடவை வைத்து, இரண்டு நொடி வாங்கிக் கொடுத்தேன். பதினோரு பெண்கள், பதினோரு ‘தானே முடித்தார்’.

நான்காம் நாள் ஓய்வு. நானே எனக்குக் கொடுத்துக்கொண்டதுதான். சேந்தமங்கலம் போனேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்து ஓட்டலில் இட்லிக்கு நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றினார்கள். எவ்வளவு வேண்டும் என்று கேட்கும் கெட்ட பழக்கம் அங்கே இல்லை. கொல்லிமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் என் தோல் பெட்டியை யாரோ நகர்த்தி, அது திறந்துகொண்டு, உள்ளே இருந்தது ஒரு கோழிக் கூடைக்குள் போய் விழுந்தது. குளிர் நாட்டிலிருந்து வாங்கிவந்த துல்லியமான கடிகாரம், கோழி மிதித்து நின்றுபோனது. அந்த ஆறு நாளில் யாரும் சொல்லிக்கொடுக்காமல், மிதித்தவுடன் நின்ற ஒரே கருவி அதுதான்.

ஐந்தாம் நாள், கடிகாரமும் இல்லாமல், சோதனையும் இல்லாமல், வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தின் வாயில் ஒரு வேர் சிக்கியது. நல்லம்மா, “மாரப்பண்ணா, மோட்டார நிறுத்துங்கோ!” என்று கத்தினாள். சுவிட்ச் அறை நாற்பதடி தள்ளி. அதைப் பார்த்துக்கொள்ளும் மாரப்பன் பீடியை அணைத்து, காதில் செருகி, எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, சுவிட்சை அணைத்தார். அதன் பிறகு தட்டு தானாகச் சுற்றி ஓய்ந்தது. மிதிபலகை நல்லம்மாவின் காலுக்கு அடியிலேயே இருந்தது. அதில் அன்று காலை பறித்த அரளிப்பூ வைத்திருந்தது. மதியத்துக்குள் இன்னும் இரண்டு முறை இப்படியே நடந்தது. ஒருத்திகூடப் பலகையை மிதிக்கவில்லை. சட்டைப் பையில் பேனா இருந்தது. படிவம் அறையில் இருந்தது. எழுந்துபோய் எடுத்துவர முப்பதடி தூரம். நான் கத்தும்போது நடப்பதை எழுதுவதுதானே என் வேலை, கத்தாதபோது நடப்பதை எழுதச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லையே என்று வாழைப்பழத்தை உரித்தேன்.

ஆறாம் நாள் கிளம்பினேன். செல்லமுத்து ஒரு பை நிறைய மஞ்சள் கொடுத்தார். பாவாயி, “கயித்த மறந்தராதீங்க சாமி” என்றாள். “ஆகட்டும்” என்றேன். அந்த ஊர் மரியாதையை நானும் கற்றுக்கொண்டிருந்தேன்.

சென்னையில் என் அறிக்கையை இயக்குநர் வெகுவாகப் பாராட்டினார். நூற்றுக்கு நூறு. சிவப்புப் பலகையோடு இயந்திரங்கள் ஆலை ஆலையாகப் போயின.

ஏழெட்டு மாதம் கழித்துச் செல்லமுத்துவின் இன்லண்டு கடிதம் வந்தது. முதல் பத்தி முழுவதும் என் குடும்பத்தின் சௌக்கியம் பற்றி. அதன் கீழே, பாவாயிக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது என்று இருந்தது. கிழங்கின் வேர் விரலைச் சுற்றி இழுத்திருக்கிறது. அன்றைக்கு மாரப்பன் டீக்கடையில். நல்லம்மா ஓடிவந்து தரையில் விழுந்து, பலகையை இரண்டு கையாலும் அழுத்தியிருக்கிறாள். கையால். அது ஆள் ஏறி மிதித்தால் இறங்கும்படி செய்த பலகை. கை அழுத்தத்துக்கு இறங்கவில்லை. கடிதத்தின் கடைசி வரி: ‘தங்கள் மிசினில் குறையொன்றும் இல்லை. எங்கள் பெண்பிள்ளைகள்தான் பதறிவிட்டார்கள்.’

விசாரணை நடந்தது. அதாவது இயக்குநரின் அறையில் காப்பி குடித்தோம். அவர் கேட்டார், “இவங்க மிதிச்சுக் காட்டினாங்க இல்ல? அப்புறம் என்ன?” என் படிவங்களை எடுத்துக் காட்டினேன். பாவாயியின் பெயருக்கு நேரே ‘தானே முடித்தார், இரண்டு நொடி’. கருத்து: இல்லை. என் கையெழுத்து. விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில், ‘பயன்படுத்தியவரின் தவறு’ என்று அவர் சொல்ல நான் எழுதினேன். ஏழு நொடியைக் குறித்த முதல் தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. கிழிக்காததை ரொம்ப நாள் என் நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், வேறு ஏதோ வேலையாகச் சேலம் போனவன், பஸ் ஏறிவிட்டேன். இந்தத் தடவை டயர் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் திரும்பிப் போக ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

ஆலையில் செல்லமுத்து அதே கேள்வியைக் கேட்டார். உண்ணவில்லை என்று உண்மையைச் சொன்னேன். பிறகு பாவாயியைப் பார்க்கவேண்டும் என்றேன். “நறுக்குற எடத்துலதானுங்க இருக்குது” என்றார்.

இயந்திரம் அதேதான். சிவப்புச் சாயம் போயிருந்தது, குங்குமம் போகவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. எழுந்து, “வாங்க சாமி, நல்லாருக்கறீங்களா?” என்றாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். நான் வருத்தப்படக் கூடாது என்று மறைத்திருந்தாள்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததைச் சொன்னேன். “பாவாயி, தப்பு என்னோடது. நீங்க அன்னைக்கே கயிறு கேட்டீங்க. நான் அதை எழுதவே இல்லை. ஏழு நொடியை இரண்டுன்னு மாத்தினேன். உங்க தப்புன்னு கையெழுத்தும் போட்டேன்.”

உங்கள் தப்பு இல்லை என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். அந்த ஊர் மரியாதை அப்படித்தான் சொல்லும். அவள் சொல்லவில்லை.

“எழுதலீங்களா?” என்றாள். “நாங்கூட, எழுதிக் குடுத்திருப்பாரு, அங்கதான் ஒருத்தரும் கேக்கலியாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டிருந்தனுங்க.”

இத்தனை வருஷம் என்னைப் பற்றி இருந்த ஒரே நல்ல எண்ணத்தையும் நானே வந்து எடுத்துவிட்டேன்.

நல்லம்மா கிழங்குக் கூடையோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். “மெட்ராசு சாமிங்களா? கத்துறதுக்கு வந்தீங்களா?” என்றாள். இந்தத் தடவையும் சிரிக்கவில்லை. கூடையைக் கவிழ்த்துவிட்டு, சுவிட்ச் அறைப் பக்கம் கை காட்டினாள். தட்டு சுழலத் தொடங்கியது.

அப்போதுதான் பார்த்தேன். உத்திரத்திலிருந்து ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கியது. லாரிப் பட்டறையில் வாங்கிய ஒரு ராட்டினம் வழியாகப் போய், பெல்ட்டைத் தள்ளும் கம்பியில் கட்டியிருந்தது. கீழ் முனையில், பிடிக்க வாகாக ஒரு கட்டை. விரல் போன அடுத்த வாரம் நல்லம்மாவும் மாரப்பனும் சேர்ந்து கட்டியதாம். அக்கம்பக்கத்து ஆலைக்காரர்களும் வந்து பார்த்துக் கட்டிக்கொண்டார்களாம். பாவாயிக்கு இப்போது வேலை, மற்றவர்கள் கிழங்கு போடும்போது அந்தக் கயிற்றின் பக்கத்தில் இருப்பது.

“சோதிச்சுப் பாக்கறீங்களா?” என்றாள் பாவாயி. “கடியாரம் கொண்டாந்தீங்களா?”

இல்லை என்றேன். கத்தவேண்டுமோ என்று வாயைத் திறந்தேன்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க” என்றாள்.

முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். மிச்சமிருந்த இரண்டு விரலால் கட்டையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். தட்டு நின்றது. எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது.

என் உத்தியோகக் காலத்தில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். ‘தானே முடித்தார்’ என்ற கட்டத்தில் உண்மையாக நிரப்பவேண்டிய ஒன்றை அன்றுதான் பார்த்தேன். அதற்கு என் கையில் படிவம் இல்லை. வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.